அட்டவணை 4.2

கோத்தகிரிப் பயிற்சி இல்லத்தில்
வெந்நீர் காலை ஆறு முதல் ஆறரை வரை.
வார்டன் பெள்ளி ஒட்டிய தாளின் கீழே
யாரோ பென்சிலில் சேர்த்திருக்கிறார்கள்:
கரண்ட் இருந்தால்.

பன்னிரண்டு நாள், பதினோரு பேர்.
அவரவர் துறையில் அவரவர் மட்டுமே பழங்குடி.
அதனால் முதல் நாள் சாப்பாட்டு மேசையில்
யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
பழக்கமில்லாததால்
கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.
பிறகு ஜவ்வாது மலைச் சென்றாயன்
உதவித்தொகை வந்து ஏழு மாதம் ஆச்சு என்றான்.
எட்டு, என்றாள் செஞ்சிக் கன்னிமாள்.
ஒன்பது, என்றான் தாண்டிக்குடி வேலுமாயன்,
ஏலம் கேட்பதுபோல.
சிரித்து முடிப்பதற்குள் ரசம் ஆறிப்போனது.

'நான்' என்று ஆய்வேட்டில் எழுதலாமா?
எஸ்தர் மேடம் பலகையில் எழுதிப் போட்ட கேள்விக்கே
அரை நாள் போனது.
சன்னலுக்கு வெளியே பனிமூட்டம் வந்து
தேயிலைச் சரிவை முழுசாக அடித்துவிட்டுப் போனது,
என் நெறியாளர் முதல் வரைவை அடித்தது மாதிரி.

ஐந்தாம் இரவு
ஆளுக்கொரு அத்தியாயம் மாற்றிப் படித்தோம்.
என்னுடையது கன்னிமாளிடம்.
கம்பளிக்குள்ளிருந்து கேட்டாள்:
"காட்டுக்கிழங்கு எட்டு வகைன்னு போட்டிருக்கியே,
யார் சொன்னது?"
மேற்கோள் இருக்கு, என்றேன்.
முப்பது வருடத்துக்கு முந்தைய ஆய்வேடு.
அட்டவணை 4.2.
அதை நம்பி எழுதியவர்கள் நாற்பத்து மூன்று பேர்.
நான் நாற்பத்து நான்கு.
"அதுக்கு யார் சொன்னதுங்கறேன்?"

பின்னிணைப்பைத் திறந்தோம். மங்கிய நகல்,
பெரிதாக்கினால் எழுத்து உடைந்தது.
தகவலாளி 7. பெண். காட்டுநாயக்கர்.
வயது சுமார் இருபது. எழுத்தறிவற்றவர்.
கணவர் முகாமில் யானைக் காவடி.
இடது கையால் தோண்டுகிறார்.

இடது கையால்தான்
எனக்குச் சோறும் ஊட்டினாள்.

டவர் கிடைப்பது துணிக்கொடிக்குக் கீழே மட்டும்.
பத்தரை மணிக் குளிரில்
பதினோரு பேரும் வந்து நின்றுவிட்டார்கள்.
ஸ்பீக்கரில் போட்டேன்.
அம்மா பேசியது எங்கள் மொழி. இங்கே தமிழில்:

"ஆமா, ஒரு சார் வந்தாரு, மழைக்கு முந்தி.
ரொட்டி குடுத்தாரு. நல்ல மனுசன்தான்.
எத்தனைன்னாரு. எட்டுன்னேன்."
எட்டுதானா?
"ஏன், நீ தின்னதில்லையா?
எல்லாத்தையும் சொல்லி, நாளைக்கு அங்க ஆள் வந்து நின்னா?
எட்டு போதும்னு நெனச்சேன்."

தின்று வளர்ந்தவள்தான்.
எத்தனை என்று நாக்குக்குத் தெரியும்.
எட்டு என்று எழுதியதும் நான்தான்,
பக்க எண்ணோடு.

"இப்பச் சொல்றேன், எழுதிக்கிறியா?"

சென்றாயன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து
என் கையில் வைத்துவிட்டு
சமையற்கட்டுப் பக்கம் நடந்தான்.
அவன் பின்னால் வேலுமாயன். பிறகு மற்றவர்கள்.
ஒருவருக்கும் எங்கள் மொழி புரியாது.
இருந்தாலும் போனார்கள்.

அம்மா சொன்னாள்.
பேனாவின் மூடியைத் திறக்கவில்லை.

காலையில் மேடத்திடம் கேட்டேன்:
ஒருவர் சொல்லாமல் விட்டதை
எப்படி எழுதுவது?
சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.
"அதுக்கு விதி எதுவும் நான் பார்த்ததில்ல.
எழுதிப் பார்க்கலாம்."
இரண்டு மணி நேரம், பன்னிரண்டு தலை,
ஓர் அடிக்குறிப்பு:

தகவலாளி 7-இன் பெயர் ............
எட்டு என்பது கிழங்குகளின் எண்ணிக்கை அல்ல,
அவர் சொல்ல விரும்பியவற்றின் எண்ணிக்கை.
இந்த ஆய்வாளருக்கு மீதியும் தெரியும்.

கடைசி வரி வேண்டாம், திமிராக இருக்கு
என்றார்கள் நான்கு பேர்.
இருக்கட்டும், என்றாள் கன்னிமாள்.
மூன்றாம் அத்தியாயத்தின் கணக்கெல்லாம் இனி செல்லாது,
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெயர் போடலாமா என்று அம்மாவைக் கேட்க வேண்டும்.
கொடிக்குக் கீழே சென்றாயன்
உதவித்தொகை அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறான்,
"லைன்ல இருங்க"வுக்குப் பிறகு வரும்
இசையைக் கேட்டபடி.
அவனுக்குப் பின்னால் இரண்டு பேர்.
அப்புறம் நான்.